டெபியனில் முடிவெடுப்பது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தைக் கணினியில் நிறுவுவது எப்படி என்று சொல்ல நிறைய வழிகாட்டிகள் இருக்கின்றன. அதைப் பயன்படுத்திப் பழகி, பங்களிக்கவும் ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. முதலாளி இல்லை, சம்பளம் இல்லை, உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆட்கள். இவர்களுக்குள் ஒரு தொழில்நுட்பத் தகராறு வந்தால் யார் தீர்ப்பது? அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டெபியன் ஒரு நிறுவனமா?

இல்லை. 1993 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவில் இயான் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் அறிவித்த தன்னார்வத் திட்டம் இது. காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். இன்று உபுண்டு, ராஸ்பெரி பை ஓஎஸ் என்று எத்தனையோ இயங்குதளங்கள் இதன் மேல்தான் நிற்கின்றன. மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே.

ஓட்டுரிமை உள்ள டெவலப்பர்கள் சுமார் ஆயிரம் பேர். டெபியன் யாரையும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. சிலருக்கு அவர்கள் பணிபுரியும் நிறுவனமே டெபியன் வேலையைச் செய்யச் சம்பளம் கொடுக்கிறது, ஆனால் அது அவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் உள்ள ஏற்பாடு. நன்கொடைப் பணத்தைக்கூட டெபியன் தன் கையில் வைத்துக்கொள்வதில்லை. எஸ்பிஐ (வங்கி அல்ல, 'சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரெஸ்ட்') போன்ற லாப நோக்கற்ற அமைப்புகள் அதன் சார்பில் வைத்திருக்கின்றன.

சம்பளம் இல்லாமல் எப்படி வேலை வாங்குகிறார்கள்?

வாங்குவதே இல்லை. டெபியனுக்கென்று எழுதப்பட்ட ஓர் அரசியலமைப்பு உண்டு. 1998 டிசம்பரில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் தொடக்கத்திலேயே ஒரு விதி: இந்த ஆவணத்தில் உள்ள எதுவும் யார் மீதும் வேலையைச் சுமத்தாது. ஒப்படைக்கப்பட்ட வேலையைச் செய்ய விருப்பமில்லை என்றால் செய்ய வேண்டியதில்லை. ஆனால் முறைப்படி எடுத்த முடிவுக்கு எதிராக வேலை செய்யவும் கூடாது.

டெபியனைப் புரிந்துகொள்ள இந்த விதி ஒன்று போதும் என்பேன். ஒருவரை "செய்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லாதபோது, மிச்சம் இருப்பது இரண்டே வழி: பேசிச் சம்மதிக்க வைப்பது, அல்லது நாமே செய்வது. தலைவர், குழு, தேர்தல் என்று பின்னால் வரும் அத்தனை அமைப்பும் இந்த இரண்டும் கைகொடுக்காத நேரத்துக்காக ஏற்பட்டவை.

ஒரு பேக்கேஜில் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் பொதி) என்ன இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

அதன் பராமரிப்பாளர். அது தனி ஆளாக இருக்கலாம், குழுவாகவும் இருக்கலாம். எந்தப் பதிப்பை எடுப்பது, எந்த பேட்சை, அதாவது நிரல் திருத்தத்தை, சேர்ப்பது, எந்த வசதியை இயல்பாக முடுக்கி வைப்பது என்று எல்லாமே அவர் பொறுப்பு. டெபியன் தலைவரே ஆனாலும் "இந்த பேட்சை எடு" என்று பராமரிப்பாளருக்கு ஆணையிட முடியாது.

நீங்கள் ஒரு வழுவை, அதாவது நிரலில் உள்ள பிழையை, புகார் செய்தால், அதைத் திருத்துவதா, இது வழுவே அல்ல என்று மூடுவதா என்பது முதலில் அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கும் கட்டுப்பாடு உண்டு. வழு மிகத் தீவிரமான மூன்று வகைகளில் ஒன்றில் வந்தால், அதைத் திருத்தாதவரை அந்த பேக்கேஜ் அடுத்த நிலையான வெளியீட்டில் சேராமல் போகலாம். வெளியீட்டில் எதைச் சேர்ப்பது என்ற முடிவு வெளியீட்டுக் குழுவினுடையது. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் நுழையாமல் அதிகாரத்தைப் பிரித்து வைத்திருப்பதை இந்த ஒரு இடத்திலேயே பார்த்துவிடலாம்.

பராமரிப்பாளர் பதிலே சொல்லவில்லை என்றால்?

இது மாதக்கணக்கில் நடக்கும். தன்னார்வலர்தானே, திருமணம் ஆகும், குழந்தை பிறக்கும், வேலை மாறும். இதற்குப் படிப்படியாக வழிகள் இருக்கின்றன.

அவசரத் திருத்தம் என்றால் வேறொரு டெவலப்பரே புதிய பதிப்பை ஏற்றலாம். இதற்கு 'என்எம்யு' (பராமரிப்பாளர் அல்லாதவரின் ஏற்றம்) என்று பெயர். திருத்தத்தை மட்டும் செய்ய வேண்டும், வீட்டையே மாற்றிக் கட்டக்கூடாது. பெரும்பாலும் நேராக ஏற்றாமல் தாமத வரிசையில் போடுவார்கள். சில நாள் அங்கே காத்திருக்கும், அதற்குள் பராமரிப்பாளர் விழித்துக்கொண்டு "வேண்டாம்" என்றால் எடுத்துவிடலாம்.

பேக்கேஜ் முழுக்கவே கைவிடப்பட்டதுபோல் தெரிந்தால் 'மீட்பு' என்ற வழி உண்டு. மீட்க நினைக்கிறேன் என்று வழுப் பதிவேட்டில் வெளிப்படையாக எழுத வேண்டும். குறைந்தது 21 நாள் காத்திருக்க வேண்டும். மறுப்பு வரவில்லை என்றால், 7 நாள் தாமத வரிசையில் புதிய பதிப்பை ஏற்றலாம். அப்புறம் பேக்கேஜ் உங்கள் பொறுப்பு.

மெதுவான ஏற்பாடுதான். ஆனால் பல வருடம் உழைத்த ஒருவரை, அவர் மருத்துவமனையில் இருக்கும் நேரம் பார்த்து வெளியே தள்ளிவிடாமல் இருக்க இந்த 28 நாள் தேவை.

ஒரே ஆள் கையில் இவ்வளவு அதிகாரம் இருப்பது ஆபத்து இல்லையா?

ஆபத்துதான், நடந்தும் இருக்கிறது. 2006-இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் (இணையத் தொடர்பை மறையாக்கிக் காக்கும் மென்பொருள்) பேக்கேஜில் ஒரு சிறு மாற்றம் நுழைந்தது. நினைவகச் சோதனைக் கருவி ஒன்று எச்சரித்த வரியை நீக்கினார்கள். அந்த வரிதான் ரகசியச் சாவிகளுக்குத் தேவையான தற்செயல் எண்களை ஊட்டிக்கொண்டிருந்தது. அது போனதும் மிஞ்சியது ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் அடையாள எண் மட்டும். அதற்கு இருக்கக்கூடிய மதிப்புகள் 32,768. அதாவது ஒரே வகைக் கணினியில், ஒரே அளவில் உருவாக்கிய சாவிகளை ஒரு பட்டியலாகவே போட்டுவிடலாம்!

2008 மே 13 அன்றுதான் இது வெளியே வந்தது. உலகம் முழுக்க சர்வர் நிர்வாகிகள் சாவிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. மாற்றம் செய்தவர் யாரிடமும் கேட்காமல் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓபன்எஸ்எஸ்எல் மடற்குழுவில் கேட்டுவிட்டுத்தான் செய்தார். அங்கே யாரும் தடுக்கவில்லை.

இன்று பேட்ச் ஒவ்வொன்றின் தலையிலும் இது எதற்கு, எங்கிருந்து வந்தது, மூல ஆசிரியருக்கு அனுப்பியாயிற்றா என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. பல முக்கிய பேக்கேஜ்களைக் குழுக்களே பராமரிக்கின்றன. ஒற்றைப் பராமரிப்பாளர் முறையை முழுசாக ஒழித்துவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் டெபியனுக்குள்ளேயே உண்டு. எனக்கு அதில் பாதி சம்மதம். இதயம் போன்ற பேக்கேஜ்களுக்குக் குறைந்தது இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும்.

டெபியன் தலைவருக்கு என்ன அதிகாரம்?

பெயரைக் கேட்டு நினைப்பதைவிட மிகக் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல், பதவிக்காலம் ஓர் ஆண்டு. பணச் செலவுக்கு ஒப்புதல் தருவது, வெளியுலகில் டெபியன் சார்பாகப் பேசுவது, வேறு யாருக்கும் பொறுப்பு இல்லாத விஷயங்களில் முடிவெடுப்பது, குறிப்பிட்ட வேலைகளுக்குப் பிரதிநிதிகளை நியமிப்பது, இவ்வளவுதான். தன் சொந்தக் கருத்தை அதிகம் திணிக்கக்கூடாது என்று அரசியலமைப்பே சொல்கிறது.

எனக்கு மிகப் பிடித்த விதி பிரதிநிதிகளைப் பற்றியது. புதிய பேக்கேஜ்களைச் சோதித்து உள்ளே விடும் குழு, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் குழு, புதிய உறுப்பினர் கணக்குகளை நிர்வகிக்கும் குழு எல்லாம் தலைவர் நியமித்த பிரதிநிதிகள். பிடிக்கவில்லை என்றால் தலைவர் அவர்களை மாற்றலாம். ஆனால் அவர்கள் எடுத்து முடித்த ஒரு முடிவை ரத்து செய்ய முடியாது. "இப்படி முடிவெடுத்தால்தான் பதவி" என்று நிபந்தனை போடவும் முடியாது. நியமித்தவர் சொல்லுக்கு ஆட வேண்டியதில்லை என்று எழுத்திலேயே உறுதி கொடுத்திருக்கிறார்கள்.

2019-இல் தலைவர் பதவிக்கு முதல் கெடுவுக்குள் ஒருவர்கூட மனு போடவில்லை. கெடுவை நீட்டினார்கள், அப்புறம்தான் வேட்பாளர்கள் வந்தார்கள். அந்த நாட்களிலும் பேக்கேஜ்கள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன.

கொள்கைக் கையேடு என்பது சட்டமா?

கிட்டத்தட்ட. கோப்புகள் எங்கே இருக்க வேண்டும், பேக்கேஜ்களுக்கு எப்படிப் பெயர் வைக்க வேண்டும், நிறுவும்போது என்ன செய்யலாம், என்ன கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. 'கட்டாயம்' என்று எழுதிய விதியை மீறினால் அது தீவிர வழுவாகக் கருதப்படும். ஆனால் புதிய விதியைக் கையேட்டில் எழுதி எல்லார் மேலும் ஏவுவது டெபியனின் பாணி இல்லை. முதலில் பேக்கேஜ்களில் செய்து பார்ப்பார்கள், பலரும் அதன்படி நடக்கத் தொடங்கிய பிறகு கையேட்டில் ஏறும்.

தொழில்நுட்பக் குழு என்றால் என்ன?

இரு தரப்பும் பேசிப் பேசி ஓய்ந்த பிறகு வரும் பஞ்சாயத்து. அதிகபட்சம் 8 பேர். புதியவர்களைக் குழு பரிந்துரைக்க, தலைவர் நியமிக்கிறார். இரண்டு பராமரிப்பாளர்களின் எல்லைகள் மோதினால் தீர்ப்பது, தொழில்நுட்பக் கொள்கையில் முடிவு சொல்வது, கேட்டால் ஆலோசனை தருவது எல்லாம் இதன் வேலை. ஒரு டெவலப்பரின் முடிவையே புரட்டிப் போடவும் முடியும். ஆனால் அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை வேண்டும், அதாவது எதிர்ப்பு ஒன்றுக்கு ஆதரவு மூன்று.

கூடவே இரண்டு பூட்டுகள் போட்டிருக்கிறார்கள். ஒன்று, மற்ற வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகே குழு தீர்ப்புச் சொல்ல வேண்டும். இரண்டு, குழு தானே உட்கார்ந்து புதிய வடிவமைப்பைத் தீட்டக்கூடாது. மற்றவர்கள் வேலை செய்து கொண்டுவந்த தீர்வுகளுக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விவாதமும் வாக்கும் பொதுவில் நடக்க வேண்டும், உறுப்பினர் நியமனம் பற்றிய பேச்சு மட்டும் விதிவிலக்கு.

முன்பு உறுப்பினர்களுக்குக் காலவரம்பு கிடையாது. 2014 இறுதியில் ஓட்டெடுப்பு நடத்தி, மூத்தவர்கள் முறைவைத்து விலகும்படி மாற்றினார்கள். ஏன் அந்த ஆண்டில் என்பதற்குக் கீழே சிஸ்டம்டி கேள்வியைப் பாருங்கள்.

குழு தீர்த்த ஒரு சின்ன வழக்கைச் சொல்ல முடியுமா?

'நோட்' வழக்கு. ஹாம் ரேடியோக்காரர்கள் (பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்பவர்கள்) பயன்படுத்தும் ஒரு பழைய நிரலின் கட்டளைப் பெயர் நோட். பிறகு வந்த, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ்-இன் கட்டளைப் பெயரும் நோட். ஒரே பெயரில் வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்கள் இருக்கக்கூடாது என்பது கொள்கைக் கையேட்டின் விதி. பேசி ஒத்துவரவில்லை என்றால் இரண்டுமே பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ரேடியோ தரப்பு சொன்னது: எங்களுடையது பல வருடமாக இருக்கிறது. தொலைவில், ஆள் எளிதில் போக முடியாத இடங்களில் உள்ள கருவிகளில் ஓடுகிறது, பெயரை மாற்றினால் அவை நின்றுவிடும். நோட்.ஜேஎஸ் தரப்பு சொன்னது: உலகத்தில் எழுதப்படும் எல்லா ஸ்கிரிப்டும் அந்தப் பெயரைத்தான் எதிர்பார்க்கிறது. இரண்டும் நியாயம். விஷயம் குழுவுக்கு வந்து, 2012-இல் தீர்ப்பு: இருவருக்கும் அந்தப் பெயர் இல்லை. ரேடியோ நிரலுக்கு வேறு பெயர். நோட்.ஜேஎஸ் கட்டளை நோட்ஜேஎஸ் என்று வரும். பழைய பெயர் வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு தனி பேக்கேஜைப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் டெபியனிலோ உபுண்டுவிலோ நோட்.ஜேஎஸ் நிறுவி, "கட்டளை கிடைக்கவில்லை" என்ற செய்தியைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு இப்போது காரணம் புரிந்திருக்கும். 2017-இல், ரேடியோ நிரல் களத்திலிருந்து விலகிய பிறகு, குழு தன் பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. நோட் என்ற பெயர் நோட்.ஜேஎஸ்-க்கே வந்தது.

கறாரான தீர்ப்பு என்று பலர் திட்டினார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. பயனர் எண்ணிக்கையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால், சின்னக் கூட்டம் கட்டிக் காத்துவரும் எந்தப் பொருளும் டெபியனில் நிலைக்காது.

சிஸ்டம்டி சண்டை என்று எல்லாரும் சொல்கிறார்களே, என்ன நடந்தது?

கணினி தொடங்கும்போது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அடுத்து முதலில் ஓடும் நிரலை இனிட் என்பார்கள். மற்ற சேவைகளை எல்லாம் எழுப்புவது அதுதான். டெபியனில் பல காலமாக இருந்தது பழைய சிஸ்வி இனிட். அதற்குப் பதிலாக எது என்பதே கேள்வி. ரெட் ஹேட் நிறுவனத்தின் பக்கம் வளர்ந்த சிஸ்டம்டி ஒரு புறம், உபுண்டுவின் கனோனிக்கல் நிறுவனம் வளர்த்த அப்ஸ்டார்ட் இன்னொரு புறம். பல மாதம் விவாதித்தும் முடிவு வராமல், 2013 அக்டோபரில் ஒரு டெவலப்பர் விஷயத்தைத் தொழில்நுட்பக் குழுவிடம் கொண்டுபோனார். அந்த வழு எண் 727708. டெபியன்காரர்கள் பலருக்கு இன்றும் மனப்பாடம்.

குழு மேலோட்டமாகப் பார்க்கவில்லை. சில உறுப்பினர்கள் தங்கள் சொந்த பேக்கேஜ்களை ஒவ்வோர் இனிட்டுக்கும் மாற்றிப் பார்த்து, எது எப்படி என்று நீளமாக எழுதினார்கள். அந்த மடல்கள் பொதுவில் இருக்கின்றன. ஒரு தொழில்நுட்பத் தேர்வை எப்படிக் காரணம் காட்டி எழுதுவது என்று கற்க விரும்புகிறவர்கள் அவற்றைப் படிக்கலாம். குழுவில் இருவர் அப்போது கனோனிக்கல் ஊழியர்கள் என்பதும் வெளியே பெரிய பேச்சானது.

கடைசியில் எட்டுப் பேரும் நாலுக்கு நாலு என்று பிரிந்தார்கள். 2014 பிப்ரவரி 11 அன்று குழுத் தலைவர் பிடேல் கார்பி தன் முடிவு வாக்கைப் போட, லினக்ஸ் கணினிகளுக்கு இயல்பான இனிட் சிஸ்டம்டி என்று முடிவானது. சில நாட்களிலேயே உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த், உபுண்டுவும் சிஸ்டம்டிக்கு மாறும் என்று அறிவித்தார்.

இத்தோடு முடியவில்லை. இயல்பான இனிட் எது என்பது தீர்ந்தது. ஆனால் ஒரு பேக்கேஜ் குறிப்பிட்ட இனிட்டை மட்டுமே சார்ந்திருக்கலாமா? அந்தக் கேள்விக்கு 2014 நவம்பரில் எல்லா டெவலப்பர்களும் ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்தது, "இதற்குப் பொதுத் தீர்மானமே தேவையில்லை, இருக்கும் நடைமுறைகளே போதும்" என்ற தெரிவு. அதே மாதம் தொழில்நுட்பக் குழுவிலிருந்து ரஸ் ஆல்பெரி, காலின் வாட்சன், இயான் ஜாக்சன் மூவரும் விலகினார்கள். டெபியன் இன்ஸ்டாலரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோயி ஹெஸ் திட்டத்தையே விட்டுப் போனார். சிஸ்டம்டியைப் பராமரித்தவர்களில் ஒருவர், தொடர்ந்து வந்த வசவுகள் தாங்காமல் அந்தப் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். காலவரம்பு ஓட்டெடுப்பும் இந்தச் சூட்டில் வந்ததுதான்.

இந்தக் கதையை "டெபியன் முறை தோற்றது" என்று சொல்கிறவர்கள் உண்டு. தொழில்நுட்ப முடிவு சரியாகவே வந்தது, முறையும் முறிந்துவிடவில்லை என்பது என் கருத்து. தாங்காமல் போனது மனிதர்கள்தான். ஒரு வருடம் முழுக்கத் தன்னார்வலர்கள் வசவு வாங்கிக்கொண்டிருக்க, அதைச் சீக்கிரம் நிறுத்த எவரிடமும் கருவி இல்லை. விவாதத்துக்கு முடிவுதேதி இல்லாததும் ஒரு காரணம். பொதுத் தீர்மானத்துக்கான விவாத காலத்துக்கு 2022 ஜனவரியில்தான் உறுதியான உச்சவரம்பு வந்தது.

2019 டிசம்பரில் இதே விஷயம் மறுபடி ஓட்டுக்கு வந்தது. ஏழு முன்மொழிவுகள். ஜெயித்தது "சிஸ்டம்டிதான், ஆனால் மாற்றுகளை ஆராய்பவர்களுக்கு ஆதரவு தருவோம்" என்பது. இந்த முறை அவ்வளவு ரத்தக்களரி இல்லை.

பொதுத் தீர்மானம் எப்படி நடக்கிறது?

எந்த டெவலப்பரும் முன்மொழியலாம். மேலும் 5 பேர் வழிமொழிய வேண்டும். அதே எண்ணிக்கையில் ஆதரவு இருந்தால் மற்றவர்களும் போட்டி முன்மொழிவுகளை அதே ஓட்டுச்சீட்டில் சேர்க்கலாம். விவாதம் பொதுவாக இரண்டு வாரத்திலிருந்து மூன்று வாரம், வாக்களிப்பு இரண்டு வாரம். நடத்துபவர் திட்டச் செயலாளர். அரசியலமைப்புக்கு விளக்கம் சொல்வதும் அவரே.

ஓட்டுச்சீட்டு மின்னஞ்சலில் வரும். ஒவ்வொரு தெரிவுக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி. மிகப் பிடித்ததற்கு 1, அடுத்ததற்கு 2 என்று எழுதிக்கொண்டே போகலாம். இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றினால் ஒரே எண்ணைப் போடலாம். காலியாக விட்டவை எல்லாம் எண் போட்டவற்றுக்குக் கீழே வரும். பிறகு உங்கள் தனிப்பட்ட ரகசியச் சாவியால் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். எண்ணுவது கான்டோர்சே முறையில்: ஒவ்வொரு தெரிவையும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியாக மோதவிட்டு, எல்லாரையும் வெல்வது எது என்று பார்ப்பது. ஒரே கருத்தின் இரண்டு வடிவங்கள் ஓட்டைப் பிரித்து, மூன்றாவது ஆள் ஜெயிக்கும் நம் ஊர்த் தேர்தல் சங்கடம் இதில் பெரும்பாலும் வராது.

சீட்டின் கடைசியில் எப்போதும் "மேற்கண்ட எதுவும் வேண்டாம்" என்ற தெரிவு இருக்கும். மற்ற எந்தத் தெரிவும் முதலில் இதைத் தாண்ட வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச வாக்கெண்ணிக்கையும் உண்டு: டெவலப்பர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி, அதைப்போல மூன்று மடங்கு. ஆயிரம் பேர் என்றால் சுமார் 48. அரசியலமைப்பைத் திருத்த மூன்றுக்கு ஒன்று பெரும்பான்மை, தொழில்நுட்பக் குழுவின் முடிவை மாற்ற இரண்டுக்கு ஒன்று.

முன்பெல்லாம் தீர்மானங்களில் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று பெயரோடு வெளியிடுவார்கள். 2022-இல் அதை மாற்றி, பெயரை மறைக்க முடிவு செய்தார்கள். ஓட்டுக்காக ஆட்களை இணையத்தில் துரத்தும் காலத்தில் இது அவசியமான மாற்றம்.

குழுவோ தீர்மானமோ சொன்ன பிறகு யாரும் அந்த வேலையைச் செய்யவில்லை என்றால்?

அப்படியே கிடக்கும். கோப்பகங்களை யூஎஸ்ஆர் என்ற ஒரே இடத்துக்குள் இணைக்கும் வேலையைப் பாருங்கள். 2023-இல் வந்த புக்வார்ம் (டெபியன் 12) வெளியீடு இணைந்த அமைப்பை மட்டுமே ஆதரிக்க வேண்டும் என்று தொழில்நுட்பக் குழு 2021-இல் முடிவு சொன்னது. ஆனால் பேக்கேஜ்களை நிறுவும் அடிப்படைக் கருவியான டிபேக்கேஜ் அந்த வகை இணைப்பைப் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்டதல்ல, அதன் பராமரிப்பாளரும் அந்த வழியை ஏற்கவில்லை. அவரை மாற்றி எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த அரசியலமைப்பில் இடமில்லை. கோப்புகளைத் தவறாக நகர்த்தினால் மேம்படுத்தும்போது காணாமல் போகும் அபாயம் இருந்ததால், நகர்த்துவதையே குழு சில காலம் நிறுத்தி வைத்தது.

தீர்ந்தது எப்படி? ஹெல்முட் குரோனே என்ற டெவலப்பர் எந்தெந்தச் சூழலில் என்ன உடையும் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்றுவழி எழுதி, தானாகக் கண்டுபிடித்து எச்சரிக்கும் கருவியும் செய்து, பிற பராமரிப்பாளர்களுக்கு பேட்ச்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். வேலை டிரிக்ஸி வரை இழுத்தது. 2025 ஆகஸ்டில் வெளியான பதிப்பு அது. பயனர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

கொள்கையையே மாற்றிய தீர்மானம் ஏதாவது உண்டா?

2022 அக்டோபரின் ஃபர்ம்வேர் தீர்மானம். அதற்கு முன்பு புதிய மடிக்கணினியில் டெபியனை நிறுவப் போனால் வைஃபை வேலை செய்யாது, ஏனென்றால் அந்தச் சில்லை இயக்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற நிரல் கட்டற்றதல்ல (யாரும் பார்த்து மாற்றிப் பகிரும் உரிமையோடு வருவதில்லை), எனவே அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் அது இருக்காது. ஃபர்ம்வேர் சேர்த்த இன்னொரு இன்ஸ்டாலர் இருந்தது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் புதியவர் சலித்து வேறு லினக்ஸுக்குப் போயிருப்பார்.

சேர்ப்பதென்றால் 1997-இலிருந்து டெபியன் மதித்துவரும் சமூக ஒப்பந்தத்தின் (பயனர்களுக்கும் கட்டற்ற மென்பொருள் உலகுக்கும் தந்த வாக்குறுதி) வாசகத்தையே தொட வேண்டும். அதற்கு மூன்றுக்கு ஒன்று பெரும்பான்மை. கிடைத்தது. 2023 ஜூன் 10 அன்று வெளிவந்த டெபியன் 12 முதல் ஒரே இன்ஸ்டாலர்தான், தேவையான ஃபர்ம்வேர் உள்ளேயே இருக்கிறது. எதைச் சேர்த்தோம் என்பதைப் பயனருக்குச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்பவர் அணைத்துவிட வழி இருக்க வேண்டும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதினார்கள். கொள்கைப் பிடிப்புள்ளவர்களுக்கு இது வலித்தது, எனக்கும் முதலில் மனம் ஒப்பவில்லை. ஆனால் வைஃபை இல்லாத கணினியில் சுதந்திரத்தைப் பற்றிப் பேசி ஒரு மாணவரை அழைத்துவர முடியாது.

பெரிய நிறுவனங்கள் டெபியனை வளைத்துவிட முடியுமா?

ஓட்டு ஆளுக்குத்தான், நிறுவனத்துக்கு இல்லை. பணம் கொடுத்து இருக்கை வாங்கும் வழி கிடையாது. ஆனால் வேலை செய்பவரே முடிவெடுக்கிறார் என்றால், முழுநேரமாக வேலை செய்ய ஆள் வைக்க முடிந்தவருக்கு இயல்பாகவே கை ஓங்கும். சிஸ்டம்டி, கெர்னல், திரைத்தோற்றம் தரும் க்னோம் போன்றவற்றின் திசை டெபியனுக்கு வெளியே, சம்பளம் வாங்கும் பொறியாளர்களால் தீர்மானமாகிறது. இதற்கு டெபியனின் அரசியலமைப்பில் மருந்து இல்லை.

முடிவு பிடிக்காதவர்கள் என்ன செய்வார்கள்?

பிரிந்து போகலாம், அதற்கு உரிமம் இடம் தருகிறது. சிஸ்டம்டி இல்லாத டெபியன் வேண்டும் என்றவர்கள் 2014 நவம்பரில் டெவுவானை அறிவித்தார்கள். முதல் நிலையான வெளியீடு 2017-இல் வந்தது, இன்றும் நடக்கிறது. பிரிந்த பிறகும் பெரும்பாலான பேக்கேஜ்களை அவர்கள் டெபியனிலிருந்தே எடுக்கிறார்கள்.

மற்ற திட்டங்களிலும் இப்படித்தானா?

இல்லை. லினக்ஸ் கெர்னலில் இறுதி முடிவு லினஸ் டோர்வால்ட்ஸிடம். பைத்தான் நிரல்மொழியும் அப்படித்தான் அதை உருவாக்கிய கைடோ வான் ராசமிடம் இருந்தது. 2018-இல் ஒரு மொழி மாற்றத்தைப் பற்றிய சண்டையில் சலித்து அவர் விலக, மைய டெவலப்பர்கள் ஓட்டுப் போட்டு ஐவர் குழு ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். சின்னத் திட்டம் வைத்திருப்பவர்கள் டெபியனைப் பார்த்து அரசியலமைப்பு எழுதத் தேவையில்லை. மூன்று பேர் இருக்கும் இடத்தில் பேசினாலே போதும்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதில் கலந்துகொள்ள முடியுமா?

தாராளமாக. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் நடந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் உலக மாநாடான டெப்கான்ஃப் கொச்சியில் நடந்தது. ஓட்டுரிமை உடனே கிடைக்காது. அதற்குச் சில ஆண்டுகூட ஆகலாம். முதலில் கைவிடப்பட்ட ஒரு பேக்கேஜை எடுத்துச் சீர்செய்யுங்கள், ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் ஒருவர் உங்கள் வேலையைச் சரிபார்த்து ஏற்றித் தருவார். தொடர்ந்து செய்தால், குறிப்பிட்ட பேக்கேஜ்களை நீங்களே ஏற்ற அனுமதி பெறும் 'டெபியன் மெயின்டெய்னர்' நிலை. அதற்கு அடுத்தது முழு டெவலப்பர். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் மொழிபெயர்ப்பு, ஆவணம், நிகழ்ச்சி ஏற்பாடு என்று உழைப்பவர்கள் டெவலப்பராகி ஓட்டுப் போடலாம். 2010-லிருந்தே அதற்கு வழி இருக்கிறது.

நீங்கள் மின்னணுக் கையெழுத்திடப் பயன்படுத்தும் சாவி உங்களுடையதுதான் என்று உறுதிசெய்து, ஏற்கெனவே டெவலப்பராக இருப்பவர்கள் அதில் கையெழுத்திட வேண்டியிருக்கும். அதனால் அடுத்த முறை பக்கத்து ஊரில் சந்திப்பு என்று அறிவிப்பு வந்தால் சாவியின் கைரேகை எண்ணை (அதை அடையாளம் காட்டும் குறுகிய எண்) அச்சடித்து, அடையாள அட்டையோடு எடுத்துப் போங்கள்.